கப்பலேறித் திரும்பிய துவர்ப்பு

தாராவியில், சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையோரம் தோல் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பை, பெல்ட், ஜாக்கெட், மணிபர்ஸ் என்று கூரைவரை தொங்கும். பெரும்பாலானவை குரோமிய உப்பில் பதனிட்ட தோல். மெத்தென்று இருக்கும், எந்தச் சாயம் ஏற்றினாலும் ஏற்கும். கடைக்காரர் கொஞ்சம் பழைய ஆளாக இருந்தால், உள்ளே வைத்திருக்கும் வேறொரு பெல்ட்டை எடுத்துக் காட்டுவார். விறைப்பாக, வெளிர்ப் பழுப்பில் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் மரப்பட்டை வாசம். வெயிலும் கைவியர்வையும் பட்டு வருடத்துக்கு வருடம் கறுக்கும். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் அது. பிரான்சின் நிலவறையொன்றில் முப்பது வருடமாகப் படுத்துக்கிடக்கும் சிவப்பு ஒயினைப் பற்றிய இந்த அத்தியாயத்தை அந்த பெல்ட்டிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தோலைக் கெடாமல் காப்பதும் ஒயினை மூப்படைய வைப்பதும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள்: டானின்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாராவி பம்பாயின் ஓரம். மித்தி ஆற்றுக் கழிமுகத்தின் சதுப்பும், கோலி மீனவர் கிராமமும்தான் அங்கே இருந்தன. நகருக்குள் வேண்டாம் என்று விரட்டப்பட்ட தொழில்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. நாற்றமெடுக்கும் தோல் பதனிடுதல் அவற்றில் முக்கியமானது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள், இஸ்லாமியரும் ஆதிதிராவிடரும், அந்தத் தொழிலை அங்கே ஊன்றினார்கள். பக்கத்திலேயே பாந்த்ரா இறைச்சிக்கூடம் இருந்ததால் பச்சைத் தோலுக்குப் பஞ்சமில்லை. 1971இல் இறைச்சிக்கூடம் செம்பூரை அடுத்த தேவனாருக்குப் போனது. பிறகு டேனரிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இன்று தாராவியில் வெட்டுவதும் தைப்பதும்தான் அதிகம். பதனிட்ட தோல் வெளியூரிலிருந்து வருகிறது.

குரோமியம் வருவதற்கு முன் தென்னிந்தியாவில் தோல் பதனிட்ட முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து முடியைக் களைவார்கள். உட்புறச் சவ்வைச் சுரண்டுவார்கள். கழுவிய தோல் பிறகு பட்டைச் சாற்றுக்குப் போகும். நம் வறண்ட காடுகளில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையை நொறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து இறக்கிய சாறு அது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் நாளே கெட்டியான சாற்றில் போட்டால் தோலின் மேற்பரப்பு சட்டென்று இறுகிக்கொள்ளும். நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். அதனால் ஏற்கெனவே பயன்பட்டு நீர்த்துப்போன பழைய சாற்றில் தொடங்கி, படிப்படியாகப் புதுச் சாற்றுக்கு நகர்த்துவார்கள். கடைசியில் கடுக்காய்ச் சாறு. ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அதைத் தடுக்கும். சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போன 'கிழக்கிந்தியத் தோல்' இப்படித்தான் உருவானது.

ஆவாரை, கடுக்காய் என்ற இந்த இரட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேதியியல் டானின்களை இரண்டு பெரும் பிரிவாகப் பிரிக்கிறது. ஆவாரம்பட்டையில் இருப்பது கேட்டச்சின் போன்ற சிறு அலகுகள் கரிம அணுக்களால் நேரடியாகக் கோத்துக்கொண்ட சங்கிலி டானின். கடுக்காயில் இருப்பது ஒரு சர்க்கரையைச் சுற்றிக் காலிக் அமிலமும் அதன் உறவுகளும் ஒட்டிக்கொண்ட வகை. தண்ணீரும் அமிலமும் இதை எளிதில் பிரித்துவிடும். இரண்டுக்கும் பொதுவான குணம், மூலக்கூறு முழுக்க ஹைட்ராக்சில் கைகள் நீட்டிக்கொண்டிருப்பது. தோலின் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய புரதம். டானின் ஒரு கையால் ஓர் இழையையும் மறு கையால் அடுத்ததையும் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் இருந்த இடத்தை டானின் அடைத்துக்கொள்ள, பாக்டீரியாவின் நொதிகள் உள்ளே புகுந்து வெட்ட இடமில்லாமல் போகிறது. இரண்டு நாளில் அழுகவேண்டிய தோல் இருபது வருடம் இடுப்பில் கிடக்கிறது.

இதே வேலை உங்கள் வாயிலும் நடக்கிறது. மே கடைசியில், ஜூனில், மாட்டுங்கா மார்க்கெட்டில் நாவல்பழம் வந்து குவியும். நாலு பழத்தை உப்புத் தொட்டு மென்று பாருங்கள். முதலில் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. சில நொடி கழித்து நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்புறம் மேலண்ணத்தோடு உரசுகிறது. உமிழ்நீர் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் வழுவழுப்பு போய்விட்டது. உமிழ்நீருக்கு வழுவழுப்பைக் கொடுப்பவை புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள். கொலாஜனிலும் புரோலின் ஏராளம். டானினுக்கு அந்த அமைப்பின்மேல் தனிப் பிடிப்பு. பழத்தின் டானின் உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றிக் கொத்தாகச் சேர்த்துவிட, வாய்க்குள் எண்ணெய் வற்றிய அச்சைப் போல எல்லாம் உரசத் தொடங்குகிறது. நம் முன்னோர் அறுசுவையில் துவர்ப்பைச் சேர்த்தார்கள். இன்றைய உடலியலோ அதைப் பெரும்பாலும் தொடு உணர்வின் கணக்கில் எழுதுகிறது.

இந்த உமிழ்நீர்ப் புரதம் வெறும் மசகு இல்லை, ஒரு கவசமும்கூட. 1980களில் அமெரிக்க ஆய்வகமொன்றில், டானின் மிகுந்த சோளத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாள்களிலேயே எலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பி பருத்து, புரோலின் மிகுந்த புரதம் பல மடங்கு சுரக்கத் தொடங்கியது. குடலுக்குப் போய்ச் செரிமானத்தைக் கெடுப்பதற்குள் டானினை வாயிலேயே மடக்கிவிட உடல் செய்யும் ஏற்பாடு. நம் சமையலறை அதையே வெளியில் செய்கிறது. நறுக்கிய வாழைப்பூவை மோரில் போடுவதும், கடுந்தேயிலையில் பால் ஊற்றுவதும், டானின் பிடித்துக்கொள்ள வேறொரு புரதத்தைக் கொடுப்பதுதான். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் மூப்படையாத சிவப்பு ஒயினோடு பாலாடைக்கட்டியை வைப்பதிலும் அதே கணக்கு.

இனி பிரான்ஸ். போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் மெதோக் பகுதி. அதில் சாந்த் எஸ்தெஃப் என்ற ஊர் எல்லையில், கூழாங்கல் மேடொன்றின்மேல் ஷாத்தோ காஸ் தெஸ்தூர்னெல் நிற்கிறது. சின்ன ஓடைக்கு அந்தப் பக்கம் புகழ்பெற்ற லாஃபித் தோட்டம். சுற்றிலும் இருக்கும் மாளிகைகள் எல்லாம் பிரபுக்கள் வசித்த மாதிரி இருக்கும். காஸின் கூரையிலோ கீழைநாட்டுப் பகோடா கோபுரங்கள். கதவொன்று சான்சிபார் சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தது. அங்கே யாரும் குடியிருந்ததில்லை. பீப்பாய்கள் வைப்பதற்காகக் கட்டிய கட்டடம் அது.

கட்டியவர் லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல், 1762இல் பிறந்தவர். 1791இல் அவர் கைக்கு இந்தத் தோட்டம் வந்தது. போர்தோ தரகர்களை நம்பியிருக்காமல் இந்தியாவுக்கே நேராக ஒயின் ஏற்றுமதி செய்தார். அக்கம்பக்கத்தார் அவரை 'சாந்த் எஸ்தெஃப்பின் மகாராஜா' என்று அழைத்தார்கள். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்பது சொன்னவரைப் பொறுத்தது. இந்தியாவில் விற்காமல் கப்பலிலேயே திரும்பிய ஒயினைத் திறந்து குடித்துப் பார்த்தபோது, அது போனபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. 'இந்தியாவிலிருந்து திரும்பியது' என்று குறித்தே அதை விற்றார்கள். இத்தனை சாமர்த்தியம் இருந்தும் கடன் அவரை விடவில்லை. 1852இல் தோட்டத்தை லண்டன் வங்கிக்காரர் மார்ட்டின்ஸுக்கு விற்றார். அடுத்த வருடம் இறந்துபோனார்.

அவர் பார்க்காமல் போனது 1855. பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், போர்தோ வணிகச் சங்கம் தரகர்களிடம் ஒரு பட்டியல் கேட்டது. கேட்டது ஏப்ரல் 5, பதில் வந்தது ஏப்ரல் 18. இரண்டே வாரத்தில் தரகர்கள் யாரும் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான ஒயின்களைச் சுவைத்து மதிப்பெண் போட்டுவிடவில்லை. பல வருட விலைக் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. அதிக விலைக்குப் போனது மேல் வகுப்பு, அவ்வளவுதான். ஐந்து வகுப்புகள். முதல் வகுப்பில் லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன். காஸ் தெஸ்தூர்னெல்லுக்கு இரண்டாம் வகுப்பு. அதன்பின் நடந்த பெரிய மாற்றம் ஒன்றே ஒன்று: 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் முதல் வகுப்புக்கு ஏறியது, ஆணையில் கையெழுத்திட்டவர் அன்றைய வேளாண் அமைச்சர் ழாக் சிராக், பின்னாளில் அதிபர். ஒரு வசந்தகால விலைப்பட்டியல் 170 வருடமாக ஜாதகம் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறிவியல் நூலில் அதற்கு இவ்வளவு இடம் போதும்.

நமக்கு வேண்டியது கப்பலேறித் திரும்பிய அந்த ஒயின். அதற்குள் என்ன நடந்திருக்கும்?

சிவப்பு ஒயினுக்கான திராட்சையில் சதை ஏறக்குறைய நிறமற்றது. நிறமெல்லாம் தோலில். அதனால் சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்தே புளிக்கவிடுகிறார்கள். முதல் சில நாளில் தோலிலிருந்து ஆந்தோசயனின் என்ற நிறமி இறங்குகிறது. நாவல்பழத்தின் கத்தரிப்பூ நிறமும் இந்த இனம்தான். தோலின் டானின் சங்கிலிகள் நீளமானவை. கொட்டையின் சங்கிலிகள் குட்டை, ஆனால் முரட்டுப் பிடிப்பு. ஆல்கஹால் ஏற ஏறத்தான் அவை கரைந்து வரும். பிறகு ஒயின் ஓக் மரப் பீப்பாய்க்குப் போகிறது. மரம் தன் பங்குக்கு டானின் கொடுக்கிறது, இம்முறை கடுக்காய் வகையைச் சேர்ந்தது. முதலில் சங்கிலி டானின், அதன்மேல் சிதையக்கூடிய டானின்: நம் தோல் தொட்டிகளின் அதே வரிசை! பதனிட்ட தோலில் கடுக்காய் நிறத்தைக் காக்கிறது. பீப்பாயில் ஓக் டானின், உள்ளே கசியும் ஆக்ஸிஜனைத் தான் முந்திக்கொண்டு பிடித்து நிறத்துக்குத் துணை நிற்கிறது. ஒருவரையொருவர் கேள்விப்பட்டிராத இரண்டு தொழில்கள் ஒரே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இளம் ஒயினின் ஊதாச் சிவப்பை நம்ப முடியாது. ஒயினின் அமிலத்தன்மையில் தனியாக நீந்தும் ஆந்தோசயனினில் சிறு பகுதிதான் சிவப்பாகத் தெரியும். மற்றவை நிறமற்ற வடிவத்துக்கு மாறி நிற்கும். கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டும் நிறத்தை வெளுக்கும். காலம் போகப்போக நிறமி டானினோடு பிணைந்துகொள்கிறது. சில சமயம் நேராக, சில சமயம் அசிட்டால்டிஹைடு பாலம் போட்டுத்தர. அந்த அசிட்டால்டிஹைடு எங்கிருந்து வருகிறது? துளி ஆக்ஸிஜன் ஆல்கஹாலைத் தொட்டதில். நல்ல தக்கை வழியே பாட்டிலுக்குள் புகும் ஆக்ஸிஜன் வருடத்துக்கு ஒரு மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அது போதும். பிணைந்த நிறமியைச் சல்ஃபைட்டால் அவ்வளவு சுலபமாக வெளுக்க முடியாது. பத்து, பதினைந்து வருடத்தில் தனி ஆந்தோசயனின் ஏறக்குறைய தீர்ந்துபோகும். அப்போது கண்ணாடியில் தெரியும் செங்கல் நிறம் முழுக்க இந்தப் பிணைப்புகளின் நிறம்.

துவர்ப்பு ஏன் குறைகிறது என்பது இதைவிடச் சிக்கல். டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கரைய முடியாமல் அடியில் வண்டலாகப் படிகின்றன என்பது பழைய பாடம். வண்டல் உண்மை; பழைய பாட்டிலைச் சாய்த்து வடிப்பது அதனால்தான். ஆனால் சங்கிலி நீளமாக நீளமாக உமிழ்நீர்ப் புரதத்தைப் பிடிக்கும் திறன் கூடவே செய்யும். அப்படியானால் முதிர்ந்த ஒயின் இன்னும் துவர்க்கவேண்டுமே? விடையின் மறுபாதி அமிலத்தில் இருக்கிறது. ஒயினின் அமிலம் சங்கிலிகளை மெதுவாக அறுத்துக்கொண்டும் இருக்கிறது. அறுந்த முனையில் வந்து ஒட்டிக்கொள்வது இன்னொரு டானினாகவும் இருக்கலாம், நிறமியாகவும் இருக்கலாம். நிறமி ஒட்டினால் அந்த முனை அநேகமாக அங்கே மூடிக்கொள்ளும். உள்ளுக்குள்ளேயே மடங்கிப் புதுப் பிணைப்புகள் போட்டுக்கொண்ட டானினுக்குப் புரதத்தைப் பிடிக்க நீட்டக் கைகள் குறைவு. கூட்டலும் அறுத்தலும் சேர்ந்துதான் அந்த மென்மை.

பழைய போர்தோவை மோந்து பார்ப்பவர்கள் 'தோல் வாசம்' என்று எழுதுவார்கள். இந்த அத்தியாயத்துக்கு வாகாக அமைந்த சொல்தான். ஆனால் அதற்கு டானின் காரணமில்லை, டானினுக்கு வாசமே கிடையாது. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் பீப்பாயில் குடியேறி உண்டாக்கும் எத்தில்ஃபீனால்கள் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன. கொஞ்சமாக இருந்தால் ரசனை, அதிகமானால் குதிரை லாயம்.

இப்போது கப்பல். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். தெஸ்தூர்னெல் காலத்து ஒயின் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் இந்தியாவுக்கு வந்தது. போகும்போது நிலநடுக்கோட்டை இரண்டு முறை, திரும்பும்போது இரண்டு முறை கடக்கவேண்டும். பல மாதம் பாய்மரக் கப்பலின் அடித்தட்டில் வெப்பமும் குலுக்கலும். போர்தோ நிலவறை சுமார் 13 பாகை செல்சியஸ்; வெப்ப மண்டலக் கடலில் அடித்தட்டு 33 என்று வைத்துக்கொள்வோம். 10 பாகை ஏறினால் வேதிவினையின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்ற தோராயக் கணக்குப்படி, வேகம் நான்கு மடங்கு. ஒரு வருடப் பயணம் நான்கு வருடத்து நிலவறை ஆகிவிடுகிறது. சாந்த் எஸ்தெஃப்பின் மண்ணில் களி அதிகம். அதன் ஒயின்கள் இளமையில் கரடுமுரடான டானினுக்குப் பெயர் போனவை. அப்படிப்பட்ட ஒயினுக்கு அந்த நான்கு வருடம் நல்லதுதான் செய்திருக்கும். கதையை நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் நிலவறை எதற்கு, எல்லாப் பாட்டிலையும் மும்பைக்கு அனுப்பி வைத்துவிடலாமே? சிக்கல் அந்த 'சுமார் இரண்டு மடங்கு' என்ற சொல்லில் இருக்கிறது. எல்லா வினைகளும் வெப்பத்துக்கு ஒரே மாதிரி மசிவதில்லை. 10 பாகைக்கு ஒன்றரை மடங்காகும் வினை 20 பாகையில் இரண்டேகால் மடங்குதான் ஆகும். மூன்று மடங்காகும் வினை ஒன்பது மடங்கு ஓடிவிடும். டானினும் நிறமியும் பிணைவது ஒரு வேகத்தில், பழ மணத்தின் எஸ்டர்கள் சிதைவது இன்னொரு வேகத்தில், நிறமியே உடைந்துபோவது வேறொரு வேகத்தில். சூட்டில் மூத்த ஒயின், நிலவறையில் மூத்த ஒயினின் வேகமான பிரதி ஆகாது. அது வேறு பொருள். போர்ச்சுகல்காரர்களின் மதேரா ஒயின் இதைத் தெரிந்தே தொழிலாக்கியது. இந்தியப் பயணம் போய்வந்த பீப்பாய்க்கு மதிப்பு அதிகம் என்று கண்டு, பிறகு கப்பலே இல்லாமல் சூடான அறையில் வைத்து அதே சுவையைக் கொண்டுவந்தார்கள். அது வறுத்த கொட்டை, கருகிய சர்க்கரைச் சுவை. அதற்கென்றே உருவான ஒயினுக்குப் பொருந்தும், போர்தோவுக்குப் பொருந்தாது.

செம்பூரில் மூன்றாம் மாடி வீட்டில், குளிர்பதனப் பெட்டியின் தலைமேல், யாரோ துபாயிலிருந்து வாங்கிவந்த பிரெஞ்சு பாட்டில் பரிசுப் பெட்டியோடு நிற்பதைப் பார்க்கலாம். மகள் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று வைத்திருப்பார்கள். குளிர்பதனப் பெட்டி வெளியே தள்ளும் வெப்பம் மேலெழுந்து சேரும் இடம் அது. மே மாதத்தில் பகலெல்லாம் 35ஐத் தொடும். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையை நெட்டும், இரவில் சுருங்கிக் காற்றை உறிஞ்சும். நின்றபடி இருப்பதால் தக்கையும் காய்கிறது. இரண்டு கோடை போனால் உள்ளே இருப்பது வெந்த பழச்சாறு. பெரும்பாலான ஒயின்களை, போர்தோவில் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வாங்கி இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிடுவதே மேல். முப்பது வருடம் தாங்கத் தேவையான டானினும் அமிலமும் சேர்ந்த ஒயின் மொத்த விளைச்சலில் மிகச் சிறு பங்கு.

நம் பக்கத்திலும் ஒயின் விளைகிறது. மும்பையிலிருந்து நாலைந்து மணி நேரத்தில் நாசிக். 2000இல் சூலா என்ற ஒயின் நிறுவனம் தன் முதல் ஒயினை வெளியிட்ட பிறகு அந்த ஊரின் முகமே மாறிவிட்டது. 1949ஆம் வருட மதுவிலக்குச் சட்டத்தின் வாரிசாகக் குடிக்க அனுமதிச் சீட்டு கேட்கும் மாநிலத்தில்தான் இது நடந்தது. தெற்கே நந்தி மலையடியில் குரோவர் ஒயின் நிறுவனத்துக்கு போர்தோவின் ஒயின் வல்லுநர் மிஷேல் ரோலான் 1990களிலேயே ஆலோசகராக வந்தார். ஆனால் இங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து: ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை முடிந்து ஒன்று. பழம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறிப்பு. மெதோக்கில் கோடை தேய்ந்து குளிர் ஏறும்போது பழம் முதிர்கிறது. நாசிக்கில் குளிர் தேய்ந்து வெயில் ஏறும்போது. கடைசி வாரங்களில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறுகிறது, அமிலம் இறங்குகிறது, கொட்டையின் டானின் அந்த வேகத்துக்கு முதிர்ந்து வருவதில்லை. சர்க்கரைக்காகப் பறித்தால் டானின் பச்சை. டானினுக்காகக் காத்திருந்தால் அமிலம் போய்விடும். அதனால் நாசிக்கில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் தயாரிப்பவர் பிப்ரவரியில் ஒவ்வொரு காலையும் வரிசை வரிசையாக நடந்து, பழத்தைக் கடித்து, கொட்டையைத் துப்பிப் பார்க்கிறார். பச்சை போய்ப் பழுப்பு ஏறியிருக்கிறதா, பல்லில் நொறுங்குகிறதா, நாக்கு எவ்வளவு வறள்கிறது என்று.